ராசி என்றார்கள், கணக்கோ பூச்சியம்! – இணைய விளையாட்டும் அறிவியல் மனப்பான்மையும்

(படிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பை அறிவித்ததும், பிள்ளைகள் கையில் இருக்கும் செல்போனை எப்படிப் பிடுங்குவது என்று வழி சொல்லப் போகிறேன் என நினைத்துச் சில பெற்றோர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். அதையும் ஒருநாள் பேசத்தான் வேண்டும். இன்று அதற்காக வரவில்லை. ஆன்லைன் ரம்மி பற்றியும் பேசப் போவதில்லை. அது பணம் கட்டி ஆடும் சூது. அதற்குத் தடை விதித்து 2022-இல் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டமே இயற்றியது. நான் எடுத்துக்கொண்டிருப்பது, பல பேர் இணையத்தில் சேர்ந்து ஆடும் வீடியோ கேம்களை. இன்னும் சரியாகச் சொன்னால், அதை ஆடுகிறவர்களின் மூளை எப்படி வேலை செய்கிறது என்பதை.

நான் கல்வியியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு வெளியே பிள்ளைகள் எதைக் கற்கிறார்கள், எப்படிக் கற்கிறார்கள் என்பதுதான் என் வேலை. அந்த வேலையில் திரும்பத் திரும்ப ஒரு கேள்வி என் முன் வந்து நிற்கிறது. ‘மண்டையில் ஒன்றும் ஏறாது’ என்று பள்ளி கைவிட்ட பையன், கேமுக்குள் போனதும் எப்படி நிகழ்தகவுக் கணக்குப் போடுகிறான்?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அறிவியல் படித்திருப்பது வேறு, அறிவியல் மனப்பான்மை வேறு. விண்ணில் ராக்கெட் செலுத்துவதற்கு முன் அதன் சிறு மாதிரியைத் திருப்பதிக்குக் கொண்டுபோய் வணங்கிவிட்டு வரும் வழக்கம் நம் விண்வெளி அறிவியலாளர்களிடம் உண்டு. செய்தித்தாளில் படத்தோடு வரும். அவர்களுக்கு இயற்பியல் தெரியாதா? நன்றாகவே தெரியும். பாடம் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் மனப்பான்மை வந்துவிடுவதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 51-அ பிரிவு, 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் வழியாகச் சேர்க்கப்பட்டது. அறிவியல் மனப்பான்மை, மனிதநேயம், கேள்வி கேட்டுச் சீர்திருத்தும் உணர்வு ஆகியவற்றை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது அது. பட்டம் வாங்கியவரின் கடமை என்று எழுதவில்லை. குடிமகனின் கடமை என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

அப்படியானால் பட்டம் இல்லாதவர்களிடம் அந்த மனப்பான்மை எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும் அல்லவா? அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கான்ஸ்டன்ஸ் ஸ்டைன்குலரும் ஷான் டங்கனும் அப்படித் தேடினார்கள். ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்று ஒரு கேம், 2004-இல் வந்தது. அதை ஆடுகிறவர்கள் கேமைப் பற்றித் தங்களுக்குள் எழுதிக்கொண்ட 1984 பதிவுகளை எடுத்து ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெட்டி அரட்டைதான் அதிகம் இருக்கும் என்று நாம் நினைப்போம். பேச்சில் 86 விழுக்காடு, சேர்ந்து அறிவை உருவாக்கும் பேச்சாக இருந்தது. பாதிக்கு மேற்பட்ட பதிவுகளில், ஒன்றைத் தொட்டால் மற்றொன்று எப்படி மாறும் என்று முழு அமைப்பையும் கணக்கில் எடுக்கும் சிந்தனை இருந்தது. பத்தில் ஒன்றில், சூத்திரம் போட்டு மாதிரி கட்டிப் பார்க்கும் சிந்தனை இருந்தது. 65 விழுக்காடு பதிவுகள், ‘இதுவே முடிந்த முடிவு’ என்று சொல்லாமல், வாதாடித் திருத்திக்கொள்ளக்கூடிய ஒன்றாக அறிவைப் பார்த்தன.

இந்த எண்களை விட்டுவிட்டு, அந்தப் பேச்சு எப்படி நடக்கும் என்று பார்ப்போம். அந்தக் கேமில் அடிபட்ட கூட்டாளிக்குச் சிகிச்சை செய்வதற்கென்றே ஒரு பாத்திரம் உண்டு. அவரிடம் இரண்டு மந்திரங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். (மந்திரம் என்றதும் முறைக்காதீர்கள், கேமில்தான்.) எண்கள் புரிவதற்காக நான் போட்டவை. சிறிய மந்திரம் 100 புள்ளி சக்தியைச் செலவழித்து, ஒன்றரை நொடியில், 400 புள்ளி உயிரைத் திருப்பித் தரும். பெரிய மந்திரம் 300 புள்ளி சக்தியைச் செலவழித்து, மூன்று நொடியில், 1500 புள்ளி தரும். எது நல்லது? செலவழித்த ஒரு புள்ளிக்குச் சிறியது 4 தருகிறது, பெரியது 5 தருகிறது. பெரியதே மேல் என்று ஒருவர் கணக்கோடு எழுதுவார்.

உடனே இன்னொருவர் வருவார். ‘சரி, அடிபட்டவன் இழந்திருப்பதே 600 புள்ளிதான் என்றால்? பெரிய மந்திரத்தில் 900 வீண். ஒரு புள்ளி சக்திக்குக் கிடைத்தது 2-தான். அதே மூன்று நொடியில் சிறிய மந்திரத்தை இரண்டு முறை போட்டால் 200 செலவில் 600-ம் வந்துவிடும். ஒரு புள்ளிக்கு 3. அதுவும் முதல் ஒன்றரை நொடியிலேயே பாதிக்கு மேல் உதவி போய்ச் சேர்ந்துவிடும்’ என்பார். மூன்றாமவர், எவ்வளவு அடிபடும் என்பது எதிரியைப் பொறுத்தது, அதையும் சேர்த்துக் கணக்குப் போடு என்பார். நான்காமவர் ஒரு எக்செல் தாளையே போட்டுவிடுவார். இதில் முதலாமவருக்கு யாரும் ‘நீ யாருடா?’ என்று பதில் சொல்லவில்லை. ‘உன் கணக்கில் இது விட்டுப் போச்சு’ என்று சொன்னார்கள். ஆய்வரங்குகளில் நான் கேட்க ஏங்கும் பேச்சு இது.

ஸ்டைன்குலர் சொல்லும் ஒரு செய்தி என்னை மிகவும் தொந்தரவு செய்தது. ‘லீனியேஜ்’ என்ற கொரிய கேமை ஆடிய பையன் ஒருவன், பெரிய எதிரியை வீழ்த்துவதற்கு எக்செல் தாளில் தரவு சேர்த்து, சூத்திரம் கட்டி, முன்கூட்டியே கணித்து ஆடியிருக்கிறான். ‘இதுதானப்பா அறிவியல்’ என்று இவர் சொன்னபோது அவன் ஒத்துக்கொள்ளவே இல்லை. நான் கேமை ஏமாற்றுகிறேன், அவ்வளவுதான் என்றிருக்கிறான். தன் கையில் இருப்பது அறிவியல் என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

அது அமெரிக்கா. இங்கே என் களப்பணியில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு செல்போன் கேமில் காசு கொடுத்துச் சக்கரம் சுற்றினால் நல்ல துப்பாக்கியோ உடையோ விழும். ‘ராத்திரி சரியாகப் பன்னிரண்டு மணிக்குச் சுற்றினால் நிச்சயம் விழும்’ என்று அந்தத் தெருப் பையன்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் தோற்றுப் படிப்பை நிறுத்திய ஒரு பையன் மட்டும் நம்பவில்லை. கூட்டாளிகளை இரண்டு அணியாகப் பிரித்தான். ஓர் அணி நள்ளிரவில் சுற்ற வேண்டும். இன்னோர் அணி மத்தியானம் சுற்ற வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் சுற்று மட்டும்தான், காசு போடக்கூடாது. ஒரு மாதம். எல்லாவற்றையும் தன் பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் கோடு போட்டுக் குறித்தான். இரண்டு அணிக்கும் வித்தியாசம் இல்லை. ‘கணக்கு நல்லா வருதே உனக்கு’ என்றேன். ‘இது கணக்கெல்லாம் இல்லக்கா, சும்மா கேமு’ என்றான். அமெரிக்கப் பையன் சொன்ன அதே பதில். அந்த நோட்டின் முன்பக்கங்களில் சிவப்பு மையில் எழுதியிருந்ததைத்தான் கணக்கு என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பையன் உடைத்தது சாதாரணமான நம்பிக்கை இல்லை. கேம் உலகம் முழுக்க மூடநம்பிக்கை உண்டு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டிலேயே, குகைக்குள் முதலில் நுழைவது யார் என்பதைப் பொறுத்துத்தான் கடைசியில் கிடைக்கும் பொருள் அமையும் என்று பலர் நம்பினார்கள். ராசியான ஆளை முன்னால் அனுப்புவார்கள்! நம் ஊரில் விதவையை எதிரே வரவிடாமல் துரத்துகிற புத்திக்கும் இதற்கும் எத்தனை அங்குல தூரம்? ஜப்பானில், ஒரு பொருளை நாம் ஆசைப்படுவதைக் கேம் மோப்பம் பிடித்துத் தராமல் விட்டுவிடும் என்று பாதி கேலியாகவும் பாதி நம்பிக்கையாகவும் சொல்வார்கள். மூடநம்பிக்கைக்குப் பாமரர், படித்தவர், கிழக்கு, மேற்கு என்ற வேறுபாடு கிடையாது.

அது ஏன் முளைக்கிறது? 1948-இல் உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் எட்டுப் புறாக்களைத் தனித்தனிக் கூண்டில் அடைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை தீனி விழும்படி வைத்தார். ஆறு புறாக்கள் ஆளுக்கொரு சடங்கைப் பிடித்துக்கொண்டன. ஒன்று வட்டமாகச் சுற்றியது. ஒன்று மூலையில் தலையை முட்டியது. தீனி விழுந்தபோது தான் தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததே காரணம் என்று புறா பிடித்துக்கொண்டது. பலன் எப்போது வரும் என்று தெரியாத இடத்தில், காரணம் மறைந்திருக்கும் இடத்தில், சடங்கு பிறக்கிறது. அந்த இடத்தில்தான் பூசாரியும் வந்து உட்காருகிறான்.

இதற்குக் கேமர்கள் கண்டுபிடித்த மருந்து எண்ணிப் பார்ப்பது. ஒரு பொருள் கிடைக்கும் வாய்ப்பு 5 விழுக்காடு என்றால், இருபது முறை முயன்றால் ஒரு முறை கட்டாயம் கிடைக்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. நூறு பேர் ஆளுக்கு இருபது முறை முயன்றால், சுமார் 36 பேருக்கு ஒன்றுமே கிடைக்காது. அவர்கள் பாவம் செய்தவர்கள் இல்லை, ராசி கெட்டவர்கள் இல்லை. அந்த விதியில் 36 பேருக்குக் கிடைக்காமல்தான் போகும். இதைப் புரிந்துகொண்ட பையனை ‘உன் ராசி அப்படி’ என்று ஏமாற்றுவது கடினம்.

எண்ணிப் பார்க்கும் இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மைன்கிராஃப்ட் கேமில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கேமை யார் மிகக் குறைந்த நேரத்தில் முடிப்பது என்று ஒரு போட்டி உண்டு. ‘ட்ரீம்’ என்ற பெயரில் யூடியூபில் ஆடுகிறவர், அப்போதே ஒரு கோடிக்கு மேல் பின்தொடர்பவர்களைக் கொண்டவர், 2020-இல் சில ஆட்டங்களைச் சாதனைப் பட்டியலுக்கு அனுப்பினார். போட்டியை மேற்பார்வை செய்த தன்னார்வலர்களுக்குச் சந்தேகம் வந்தது. அவருடைய ஆறு நேரலைகளை எடுத்து உட்கார்ந்து எண்ணினார்கள். ஒரு முத்து, பண்டமாற்றில் கிடைக்க வேண்டும். 262 பண்டமாற்றில் 12 முறை கிடைத்தால் இயல்பு. அவருக்கு 42 முறை கிடைத்திருந்தது. ஒரு கோல், பாதிக்குப் பாதி வாய்ப்பில் விழ வேண்டும். 305 முறையில் 211 முறை விழுந்திருந்தது.

இங்கே அவர்கள் செய்த அடுத்த வேலைதான் முக்கியம். ‘பிடித்துவிட்டோம்’ என்று குதிக்கவில்லை. சந்தேகம் வந்த நேரலைகளை மட்டும் எடுத்ததால் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்குமோ? ஆயிரம் பேர் ஆடும்போது யாரோ ஒருவருக்கு இப்படி அமையத்தானே செய்யும்? வேண்டிய அளவு கிடைத்ததும் அவர் நிறுத்திவிடுவதால் எண்ணிக்கை மாறுமோ? இப்படித் தங்கள் முடிவுக்கு எதிரான காரணங்களைத் தாங்களே தேடி, ஒவ்வொன்றுக்கும் அவருக்குச் சாதகமாக விட்டுக்கொடுத்து, பிறகு கணக்கிட்டார்கள். ஏழரை லட்சம் கோடியில் ஒரு வாய்ப்பு என்று வந்தது. (இந்த ஏழரைக்கும் சனிக்கும் தொடர்பு இல்லை.) 29 பக்க அறிக்கையாக வெளியிட்டார்கள். அவர் பெயர் சொல்லாத ஒரு வானியற்பியலாளரிடம் மறுப்பு எழுதி வாங்கி வெளியிட்டார். ‘முனைவர் சொல்லிவிட்டார்’ என்று இவர்கள் அடங்கவில்லை. மறுப்பில் இருந்த கணக்குப் பிழைகளை எடுத்துக் காட்டினார்கள். 2021 மே மாதம், கேமின் வாய்ப்புகளை மாற்றும் மென்பொருள் தன் கணினியில் ஓடியது உண்மைதான், ஆனால் தனக்கே தெரியாமல் ஓடியது என்று அவர் ஒப்புக்கொண்டார்.

தோழர்களே, ஆளைப் பார்க்காதே, சொல்வதைச் சோதித்துப் பார் என்பதைத்தானே இத்தனை ஆண்டுகளாகப் பகுத்தறிவு மேடைகளில் சொல்லிவருகிறோம்? ஒரு பக்கம் ஒரு கோடி ரசிகர்கள். மறு பக்கம் எண்ணிக்கை எழுதிய ஒரு தாள். தாள் வென்றது.

இதுவரை சொன்னதில் விதி என்னவென்று தெரியும், அதை மீறியவர் யார் என்பதே கேள்வி. விதியையே மறைத்து வைத்திருந்தால்? தென்கொரியாவின் நெக்சான் நிறுவனம் நடத்தும் ‘மேப்பிள் ஸ்டோரி’ கேமுக்கு வருகிறேன். அதில் ‘கியூப்’ என்ற பொருளைக் காசு கொடுத்து வாங்கிப் பயன்படுத்தினால், உங்கள் ஆயுதத்தின் கூடுதல் ஆற்றல்கள் குலுக்கல் முறையில் மாறும். மூன்று இடத்திலும் நல்ல ஆற்றல் விழ வேண்டும் என்று மக்கள் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் காசைக் கொட்டினார்கள். விழவில்லை. ராசி இல்லை என்று நினைத்து மறுபடியும் வாங்கினார்கள்.

2021 பிப்ரவரியில் கேமில் ஒரு மாற்றத்தை அறிவித்தபோது, வேறு சில ஆற்றல்கள் இனிச் சம வாய்ப்பில் கிடைக்கும்படி திருத்தியிருக்கிறோம் என்ற பொருளில் ஒரு வரி வந்தது. ஆட்டக்காரர்கள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். இனிச் சமம் என்றால், இதுவரை என்னவாக இருந்தது? மின்னணுப் பலகை பொருத்திய லாரிகளை நிறுவனத்தின் வாசலுக்கு அனுப்பிப் போராடினார்கள். அடுத்த மாதம் நிறுவனம் கியூப் வாய்ப்புகளை வெளியிட வேண்டி வந்தது. மக்கள் அதிகம் விரும்பிய சில ஆற்றல்கள் மூன்று இடத்திலும் சேர்ந்து வர வாய்ப்பே கிடையாது என்று அப்போதுதான் தெரிந்தது. குறைவு இல்லை தோழர்களே, பூச்சியம். 2011 ஆகஸ்ட் முதல் அப்படித்தான் வைத்திருந்தார்கள், எந்த மாற்றமும் இல்லை என்று ஆட்டக்காரர்களிடம் சொல்லிக்கொண்டும் இருந்தார்கள் என்று அந்நாட்டு நியாய வணிக ஆணையம் கண்டறிந்து, 2024 ஜனவரியில் சுமார் 1160 கோடி வொன் அபராதம் விதித்தது. அதே ஆண்டு மார்ச் 22 முதல், குலுக்கல் பொருள்களின் வாய்ப்புகளை வெளியிடுவது அங்கே சட்டப்படி கட்டாயம் ஆனது.

இந்தச் செய்தியை முதன்முதலில் படித்தபோது நான் கேமைப் பற்றி மட்டும் நினைக்கவில்லை. வாய்ப்பைப் பூச்சியமாக எழுதி வைத்துவிட்டு, கிடைக்காதவனைப் பார்த்து ‘உன் தலையெழுத்து’ என்று சொல்வது நமக்குப் புதிதா? கோயில் கருவறைக்குள் போகும் வாய்ப்பு உனக்கு எவ்வளவு என்று கேட்டால், போன பிறவியின் கருமம் என்று பதில் வரும். அது கருமம் இல்லை, எழுதி வைத்த விதி. எழுதியவன் மனிதன். மனிதன் எழுதியதை மனிதனே திருத்தலாம். கொரிய ஆட்டக்காரர்கள் தங்கள் ராசியை நொந்துகொள்வதை விட்டுவிட்டு, விதியைக் காட்டு என்று கேட்ட நொடியில் எல்லாம் மாறியது.

நம்மிடம் இதற்கு நூறாண்டுக்கு முந்தைய முன்னோடி உண்டு. 1916 மே 9 அன்று, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 25 வயது அம்பேத்கர் ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற ஆய்வுரையைப் படித்தார். சாதி கடவுள் படைத்ததா, இரத்தத்தில் உள்ளதா என்ற சண்டைக்குள் அவர் போகவில்லை. ஒரு குழு தனக்குள்ளேயே மணம் முடித்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரே விதியை எடுத்துக்கொண்டார். அந்த விதி உடையாமல் இருக்க வேண்டுமானால் ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவன் இறந்தால் ஒரு பெண் மிச்சம், மனைவி இறந்தால் ஓர் ஆண் மிச்சம். அந்த மிச்சத்தை என்ன செய்வது? உடன்கட்டையும், விதவைக் கொடுமையும், குழந்தை மணமும் அந்தக் கேள்விக்குச் சாதி கண்டுபிடித்த விடைகள் என்று வரிசையாகக் காட்டினார். புனிதம் என்று போற்றப்பட்ட சடங்குகளுக்குப் பின்னால் இருந்த இயந்திரத்தை வெளியே எடுத்து வைத்தார். ஸ்டைன்குலரும் டங்கனும் பத்துப் பதிவில் ஒன்றில் கண்ட மாதிரி கட்டிப் பார்க்கும் சிந்தனை என்பது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

அறிவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கும் கேம் ஒரு பதில் வைத்திருக்கிறது. 2008-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ‘ஃபோல்டிட்’ என்ற கேமை உருவாக்கினார்கள். புரதம் எப்படி மடிகிறது என்பதைப் புதிராக வைத்து, யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்று திறந்துவிட்டார்கள். 2010-இல் அதுபற்றி ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரை, 57,000-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களின் பங்களிப்பை ஆசிரியர் வரிசையிலேயே குறிப்பிட்டது. குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோயைத் தரும் ஒரு வைரஸின் நொதி, பத்தாண்டுக்கும் மேலாக அறிவியலாளர்களுக்குப் பிடிபடாமல் இருந்தது. ஆட்டக்காரர்கள் மூன்று வாரத்தில் அதன் வடிவத்துக்குச் சரியான மாதிரியைக் கொடுத்தார்கள். 2011-இல் வந்த அந்தக் கட்டுரையில் இரண்டு ஆட்டக்காரர் குழுக்களின் பெயர்கள் ஆசிரியர்களாகவே அச்சாயின. அந்த ஆய்வுக்குழுவின் டேவிட் பேக்கருக்குத்தான் 2024-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆட்டக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் உயிர்வேதியியல் படித்தவர்கள் இல்லை. உள்ளே வராதே என்று யாரும் தடுக்கவில்லை, செய்ததற்குப் பெயரும் போட்டார்கள். தகுதி, திறமை என்று நம்மிடம் பாடம் எடுப்பவர்கள் இந்த இரண்டையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

இவ்வளவு சொன்னதால், கேம் ஆடினாலே பகுத்தறிவு வந்துவிடும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2014-இல் ‘கேமர்கேட்’ என்ற பெயரில் பெண் விமர்சகர்களையும் பெண் கேம் வடிவமைப்பாளர்களையும் மாதக் கணக்கில் வேட்டையாடியதும் கேமர்கள்தான். கேம்களில் பெண்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று ஆராய்ந்த அனிதா சர்க்கீசியன், துப்பாக்கிச் சூடு நடத்துவோம் என்ற மிரட்டலால் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேசவிருந்த உரையையே கைவிட்டார். அந்தக் கூட்டத்தினரும் ஆதாரம் என்று படங்களையும் பட்டியல்களையும் அடுக்கினார்கள். முடிவை முன்பே எழுதிவிட்டு, அதற்கேற்ற ஆதாரங்களை மட்டும் பொறுக்கினார்கள். மைன்கிராஃப்ட் தன்னார்வலர்கள் செய்ததற்கு நேர் எதிர் வேலை.

இங்கேயும் பார்க்கிறோமே. விளையாட்டுப் பெயருக்குப் பின்னால் சாதிப் பெயர். அணிக்குச் சாதித் தலைவரின் பெயர். எதிரணியைத் திட்ட வேண்டுமென்றால் முதலில் வாயில் வருவது ஒடுக்கப்பட்ட சாதியின் பெயர். என் காதாலேயே கேட்டிருக்கிறேன். துப்பாக்கி எத்தனை நொடியில் எத்தனை புள்ளி சேதம் தரும் என்று தசமத்தில் சொல்லும் பையன், தன் சாதி ஏன் உயர்ந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஏன் கேட்பதில்லை? கேமுக்குள் எல்லாரும் முதல் நிலையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். விதி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் எல்லாருக்கும் ஆதாயம், யாருக்கும் நட்டம் இல்லை. அதனால் கேள்வி கேட்பது அங்கே எளிது. வெளியே அப்படி இல்லை. விதியைத் தோண்டினால் தன் வீட்டு அடித்தளம் வெளியே தெரியும் என்பவனுக்குத் தோண்டாமல் இருப்பதில்தான் ஆதாயம். தோண்டத் துணிகிறவனுக்கோ அடி விழும். ஆகவே அறிவியல் முறை தானாகக் கேமிலிருந்து தெருவுக்கு நடந்து வராது. யாராவது கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டும். அந்த ‘யாராவது’ நாம்தான் என்று சொல்லத்தான் இங்கே வந்தேன்.

நாம் நடத்தும் மாலை நேரப் படிப்பகங்களில் கேம் ஆடும் பிள்ளைகளைக் கண்டால் முதலில் திட்டுவதை நிறுத்துவோம். ஆடும் நேரத்துக்கு அளவு வைப்போம், காசு போடும் சக்கரங்களை ஒதுக்கச் சொல்வோம், அது வேறு. அவர்களிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம். இப்படித்தான் நடக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும்? எத்தனை முறை எண்ணினாய்? உன் முடிவு தவறு என்றால் என்ன நடந்திருக்க வேண்டும்? இந்த விதியை எழுதியது யார், அதனால் யாருக்கு ஆதாயம்? முதல் மூன்றுக்கும் அவர்கள் நம்மைவிட நன்றாகப் பதில் சொல்வார்கள். நான்காவதை நாம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பதில் சொன்னதும், ‘நீ செய்தது அறிவியல்’ என்று அந்தச் சொல்லாலேயே அவர்களிடம் சொல்லுங்கள். அந்தச் சொல் தங்களுக்கும் உரியது என்று அவர்கள் கேட்டதே இல்லை.

பிறகு ஒரு நோட்டைக் கையில் கொடுங்கள். ஒரு மாதம், வகுப்பறையைப் பெருக்கவும் தண்ணீர் தூக்கவும் யாரை அழைக்கிறார்கள், ஆய்வுக்கூடத்தில் கருவியைத் தொட யாரை அழைக்கிறார்கள் என்று நாள்தோறும் கோடு போட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். பெயர்களை முதலிலேயே சாதியாகப் பிரிக்க வேண்டாம். எண்ணி முடித்த பிறகு பார்க்கலாம். எல்லாருக்கும் சமமாக வந்தால் மகிழ்ச்சி, அதையும் நேர்மையாக எழுதுவோம். வராவிட்டால், அந்த நோட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்துத் தலைமை ஆசிரியரிடம் தனியாக அனுப்பக்கூடாது. அடி அவன் மேல் விழும். நாம் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு, நாமே எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவன் எண்ணட்டும். கேட்பது நம் வேலை.